பாதுகாப்பு மென்பொருள் பிழை காட்டும்போது: செய்தியைப் படிப்பதும் காரணத்தைத் தேடுவதும்

கணக்குப்பதிவு மென்பொருளோ படத்தொகுப்பு மென்பொருளோ பிழைச்செய்தி காட்டினால் அந்த ஒரு வேலை நின்றுபோகும். அதற்குமேல் கவலைப்பட ஒன்றுமில்லை. ஆன்டிவைரஸ் போன்ற பாதுகாப்பு மென்பொருள் பிழைச்செய்தி காட்டும்போது நிலைமை வேறு. மென்பொருளில் ஏதோ பழுது நேர்ந்திருக்கலாம். மென்பொருள் நன்றாகவே இருந்து, கணினிக்குள் புகுந்த தீம்பொருள் அதைச் செயலிழக்கச் செய்திருக்கலாம். அந்தச் செய்தியே ஏமாற்றுக்காரர் தயாரித்த போலியாகவும் இருக்கலாம். இந்த மூன்றில் எது உண்மை என்று பிரித்தறியாமல் செயல்படுபவர், பழுது என்று நினைத்து இருந்த பாதுகாப்பையும் அணைத்துவிடுகிறார், அல்லது தாக்குதல் என்று அஞ்சி முன்பின் தெரியாதவர் கையில் கணினியை ஒப்படைத்துவிடுகிறார்.

பிழைச்செய்தி பெரும்பாலும் வேலை எந்த இடத்தில் நின்றது என்பதை மட்டும் சொல்கிறது. ஏன் நின்றது என்பதற்கான காரணம் அந்த இடத்துக்கு ஓரிரு படிகள் முன்னால் இருக்கும். ஆகவே செய்தியிலிருந்து காரணத்தை நோக்கிப் பின்னோக்கி நடப்பதற்கு, அந்த மென்பொருள் எந்தெந்த உறுப்புகளால் ஆனது, அவை எதை நம்பி இயங்குகின்றன என்ற அடிப்படை அறிவு தேவை.

செய்தி எங்கிருந்து வருகிறது?

குறியீட்டையோ வாசகத்தையோ ஆராய்வதற்கு முன்பு, செய்தியைக் காட்டுவது எது என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். இணைய உலாவிக்குள் தோன்றும் எந்தச் செய்தியும் கணினியைச் சோதித்துப் பார்த்துச் சொல்லப்பட்டதாக இருக்க முடியாது. ஏனென்றால் ஒரு வலைப்பக்கத்துக்குக் கணினியின் வன்தட்டைத் துருவிப் பார்க்கும் அதிகாரம் கிடையாது. "உங்கள் கணினியில் வைரஸ்கள் கண்டறியப்பட்டுள்ளன" என்று ஒரு வலைப்பக்கம் சொன்னால், அது எவ்வளவு அழகாக வடிவமைக்கப்பட்டிருந்தாலும் பொய்தான்.

போலிச் செய்தியின் மிகத் தெளிவான அடையாளம் தொலைபேசி எண். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் பிழைச்செய்திகளிலும் எச்சரிக்கைகளிலும் ஒருபோதும் தொலைபேசி எண் இடம்பெறாது என்று வெளிப்படையாக அறிவித்திருக்கிறது. முழுத்திரையை அடைத்துக்கொள்வது, எச்சரிக்கை ஒலி எழுப்புவது, சாளரத்தை மூடவிடாமல் தடுப்பது, கணினியை அணைத்தால் தரவு அழிந்துவிடும் என்று மிரட்டுவது ஆகியவையும் அதே வகை. இவ்வாறு முழுத்திரையில் சிக்கிக்கொண்டால், எஸ்கேப் விசையைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் முழுத்திரை விலகும். அதற்கும் அசையாவிட்டால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து உலாவியை முடித்துவிடலாம். மீண்டும் திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கட்டுமா என்று உலாவி கேட்டால் மறுத்துவிட வேண்டும்.

இன்னொரு வகை, உலாவி அறிவிப்புகள். ஏதோ ஒரு தளத்தில் "அனுமதி" என்று அழுத்திவிட்டால், அந்தத் தளம் பின்னர் திரையின் மூலையில் அறிவிப்புகளை அனுப்ப முடியும். அவை ஆன்டிவைரஸ் அனுப்பிய அறிவிப்புகளைப் போலவே தோற்றமளிக்கும். நிறுவப்படாத ஒரு மென்பொருளின் பெயரில் "உரிமம் காலாவதியானது" என்ற அறிவிப்பு வருகிறதென்றால், உலாவி அமைப்புகளில் அறிவிப்பு அனுமதிப் பட்டியலைப் பார்த்து, அறியாத தளங்களை நீக்கினால் போதும்.

உறுதிசெய்துகொள்ளும் பொதுவழி எளியது: வந்த செய்தியில் எதையும் அழுத்தாமல், பாதுகாப்பு மென்பொருளைத் தனியாகத் திறந்து, அதே செய்தி அங்கேயும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அங்கே இல்லாத செய்தியை நம்ப வேண்டியதில்லை.

மென்பொருளின் உள்ளமைப்பு

திரையில் ஒற்றைச் சாளரமாகத் தெரிந்தாலும், பாதுகாப்பு மென்பொருள் என்பது ஒன்றையொன்று நம்பி இயங்கும் பல உறுப்புகளின் கூட்டு.

1. இடைமுகம்: பச்சை அல்லது சிவப்புக் குறி காட்டும் சாளரமும் மூலையில் இருக்கும் சின்னமும். இது எதையும் சோதிப்பதில்லை. மற்ற உறுப்புகள் சொல்வதைக் காட்டுகிறது.

2. சேவை: பின்னணியில் எப்போதும் ஓடும் நிரல். சோதனை நடத்துவது, முடிவெடுப்பது, கோப்பைத் தனிமைப்படுத்துவது எல்லாம் இதன் வேலை. விண்டோஸ் 8.1 முதல், ஆன்டிவைரஸ் சேவைகள் பாதுகாக்கப்பட்ட செயல்முறையாக இயங்க வழி செய்யப்பட்டுள்ளது. அப்படி இயங்கும் சேவையை நிர்வாகி உரிமை உள்ளவராலும் சாதாரண வழியில் நிறுத்த முடியாது.

3. வடிகட்டி டிரைவர்: இயங்குதளத்தின் உட்கருவான கெர்னலில் அமர்ந்து, ஒவ்வொரு கோப்பும் திறக்கப்படும்போது குறுக்கிட்டு, அதைச் சேவையின் பார்வைக்கு அனுப்பும் பகுதி. "நிகழ்நேரப் பாதுகாப்பு" என்று சொல்லப்படுவது நடைமுறையில் இதைத்தான் சார்ந்திருக்கிறது.

4. வரையறைக் கோப்புகள்: தீம்பொருள்களின் அடையாளங்கள் அடங்கிய தொகுப்பு. நாளுக்குப் பலமுறைகூட மாறும்.

5. புதுப்பிப்பான்: வரையறைகளையும் மென்பொருளின் புதிய பதிப்புகளையும் இணையம் வழியே கொண்டுவந்து, கையொப்பம் (தயாரித்த நிறுவனத்தின் மின்னணு முத்திரை) சரிபார்த்து, உரிய இடத்தில் வைக்கும் நிரல்.

6. தொலைச் சேவையகங்கள்: அறியப்படாத கோப்பைப் பற்றி விசாரிக்கவும், உரிமத்தைச் சரிபார்க்கவும் மென்பொருள் தொடர்புகொள்ளும் இடம்.

இந்த வரிசையில் கீழே நேரும் பழுது மேலே வேறு பெயரில் வெளிப்படும். விண்டோஸ் பெரிய அளவில் மேம்படுத்தப்பட்ட பின் பழைய டிரைவர் ஏறாமல் போகலாம். டிரைவர் இல்லாததால் சேவை தொடங்கிய உடனே நின்றுவிடலாம். சேவை பதில் சொல்லாததால் இடைமுகம் "நிகழ்நேரப் பாதுகாப்பு அணைக்கப்பட்டுள்ளது" என்று காட்டும். பயனர் அந்தப் பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் அது மீண்டும் அணைந்துகொள்ளும். அவர் செய்ய வேண்டியது மேம்படுத்தப்பட்ட விண்டோஸுக்குப் பொருந்தும் பதிப்பை நிறுவுவது; அதைப் பற்றி அந்தச் செய்தியில் ஒரு சொல்கூட இல்லை.

பிழை எண்ணைப் படிக்கும் முறை

விண்டோஸ் தரும் எட்டு இலக்கப் பிழை எண்களைப் பலர் மந்திர எழுத்துகளைப் போலக் கருதி, அப்படியே தேடுபொறியில் இட்டு, முதலில் வரும் தீர்வைச் செய்து பார்க்கிறார்கள். உண்மையில் அந்த எண்ணுக்கு ஒழுங்கான கட்டமைப்பு உண்டு. அதைத் தெரிந்துகொண்டால் பாதித் தேடல் மிச்சமாகும்.

எண்ணின் தொடக்கத்தில் வரும் பூஜ்யமும் எக்ஸ் எழுத்தும் அது பதினாறுநிலை எண் (0 முதல் 9 வரை இலக்கங்களோடு A முதல் F வரை எழுத்துகளையும் சேர்த்து எழுதப்படுவது) என்பதை மட்டும் குறிக்கின்றன. அதன்பின் வரும் எட்டு இலக்கங்களில் முதலாவது 8 என்றிருந்தால், செயல் தோல்வியடைந்தது என்று பொருள். அடுத்த மூன்று இலக்கங்கள் பிழை எந்தப் பிரிவைச் சேர்ந்தது என்பதைச் சொல்கின்றன. 007 என்றால் விண்டோஸின் பொதுவான பிழைப் பட்டியல். கடைசி நான்கு இலக்கங்கள் அந்தப் பட்டியலில் உள்ள வரிசை எண். ஆக, 8007 என்று தொடங்கும் எந்த எண்ணையும் "பாதுகாப்பு மென்பொருளுக்கே உரிய பிழை" என்று எண்ண வேண்டியதில்லை. விண்டோஸ் தான் கண்ட தடையை மென்பொருளிடம் சொல்ல, மென்பொருள் அதை அப்படியே திரையில் எழுதியிருக்கிறது.

அடிக்கடி கண்ணில் படும் சிலவற்றைப் பிரித்துப் பார்க்கலாம்.

80070002: கடைசிப் பகுதி 2, அதாவது கோப்பு கிடைக்கவில்லை. புதுப்பிப்பு பாதியில் அறுந்ததாலோ, "சுத்தம் செய்யும்" மென்பொருள் எதையோ அழித்ததாலோ வருவது.

80070005: அணுகல் மறுக்கப்பட்டது. பயனருக்கு உரிமை இல்லாமல் இருக்கலாம். கோப்புறையின் அனுமதிகள் குலைந்திருக்கலாம். ஆனால் ஆன்டிவைரஸின் சொந்தக் கோப்புகளை அழிக்கவோ அதன் சேவையை நிறுத்தவோ முயலும்போது இந்தப் பிழை வந்தால், தற்காப்பு வசதி தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்றே கொள்ள வேண்டும். அங்கே பழுது எதுவும் இல்லை.

80070020: பதினாறுநிலையில் 20 என்பது பதின்மத்தில் 32, வேறொரு நிரல் அந்தக் கோப்பைப் பிடித்துவைத்திருக்கிறது என்பது பொருள். இரண்டு ஆன்டிவைரஸ்கள் ஒரே கோப்பைச் சோதிக்கும்போது இது சாதாரணம்.

80070070: பதின்மத்தில் 112, வட்டில் இடமில்லை. இதற்காக மென்பொருளை மீண்டும் நிறுவுவது வீண். இடத்தைக் காலிசெய்தால் போதும்.

80070422: பதின்மத்தில் 1058, தேவையான சேவை முடக்கப்பட்டிருக்கிறது. இந்த எண்ணைக் கவனமாக எடுத்துக்கொள்ள வேண்டும். சேவை தானாக நின்றுபோவது வேறு, "முடக்கப்பட்டது" என்ற நிலைக்கு மாற்றப்படுவது வேறு. இரண்டாவது நடக்க யாரோ அல்லது ஏதோ ஒரு நிரல் அந்த அமைப்பை மாற்றியிருக்க வேண்டும்: கணினி வேகத்தைக் கூட்டுவதாகச் சொல்லும் கருவி, நிறுவனத்தின் நிர்வாகி, அல்லது தீம்பொருள். யார் என்று தெரியாமல் சேவையை மட்டும் திரும்பத் தொடக்கிவிட்டுப் போவது அரைவேலை.

80070643: பதின்மத்தில் 1603, நிறுவல் தோல்வி. இது எதையும் விளக்காத எண். நிறுவியின் விரிவான பதிவைப் பார்க்காமல் மேலே நகர முடியாது.

80072 என்று தொடங்குபவை பெரும்பாலும் வலையமைப்புச் சிக்கல்கள்: பெயரை முகவரியாக மாற்ற இயலாமை, நேரம் கடந்துபோதல், பாதுகாப்பான இணைப்பு அமையாமை போன்றவை. பதினாறுநிலை எண்ணைப் பதின்மமாக மாற்ற, விண்டோஸ் கால்குலேட்டரிலேயே நிரலாளர் முறை இருக்கிறது.

மற்ற நிறுவனங்களின் பாதுகாப்பு மென்பொருள்கள் தங்களுக்கென்று தனிக் குறியீடுகள் வைத்திருக்கின்றன. அவற்றின் பொருளை அந்தந்த நிறுவனத்தின் ஆவணங்களில் மட்டுமே தேட வேண்டும். ஒரே மாதிரி தோன்றும் எண்ணுக்கு இரு நிறுவனங்களிடம் இரு பொருள் இருக்கக்கூடும்.

புதுப்பிக்க முடியவில்லை என்ற செய்தி

எல்லாப் பிழைகளிலும் இதுதான் அதிகம் வருவது. இதன் காரணங்களே மிகப் பரந்தவை. புதுப்பிப்பு வெற்றிபெற ஒரு சங்கிலி முழுமையாக இருக்க வேண்டும்: இணைய இணைப்பு, பெயர்த் தீர்வு (தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றுதல்), பாதுகாப்பான இணைப்பு, பதிவிறக்கம், கையொப்பச் சரிபார்ப்பு, வட்டில் எழுதுதல், சேவை புதிய கோப்பை ஏற்றுக்கொள்ளுதல். எந்தக் கண்ணி அறுந்தாலும் பயனர் காண்பது அதே ஒரு வரி.

இவற்றில் பலரும் நினைத்துப் பார்க்காதது கணினியின் கடிகாரம். பாதுகாப்பான இணைப்பில் சேவையகம் தன் அடையாளத்துக்குச் சான்றிதழ் காட்டும். ஒவ்வொரு சான்றிதழுக்கும் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. தாய்ப்பலகையில் உள்ள சிறு மின்கலம் தீர்ந்துபோய்க் கணினியின் தேதி பல ஆண்டுகள் பின்னால் போயிருந்தால், நேற்று வழங்கப்பட்ட சான்றிதழ் "இன்னும் செல்லுபடியாகவில்லை" என்று நிராகரிக்கப்படும். தேதியைத் திருத்திய மறுநிமிடமே புதுப்பிப்பு நடந்துவிடும்.

பழைய இயங்குதளம் இன்னொரு காரணம். 2021 செப்டம்பர் 30 அன்று, தளங்களுக்கு இலவசமாகச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பின் சான்றிதழ்கள் சார்ந்திருந்த ஒரு பழைய வேர்ச்சான்றிதழ் (மற்றச் சான்றிதழ்களை நம்புவதற்கு அடிப்படையான சான்றிதழ்) காலாவதியானபோது, புதிய வேர்ச்சான்றிதழைப் பெறாத பழைய கருவிகள் பல தளங்களுடன் இணைய முடியாமல் போயின. 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் புதுப்பிப்புகளின் கையொப்ப முறையை ஷா-2 என்ற புதிய முறைக்கு மாற்றியபோதும் இதேதான் நடந்தது. அந்த முறையைப் புரிந்துகொள்வதற்கான திருத்தத்தை நிறுவியிராத விண்டோஸ் 7 கணினிகளால் புதிய புதுப்பிப்புகளை ஏற்க முடியவில்லை. இத்தகைய கணினியில் ஆன்டிவைரஸை எத்தனை முறை அழித்து நிறுவினாலும் பயனில்லை. பழுது அதற்குக் கீழே இயங்குதளத்தில் இருக்கிறது.

இணைப்பை வேறொரு சேவையகம் வழியே திருப்பும் விபிஎன், ப்ராக்ஸி, அலுவலக வலையமைப்பில் இருக்கும் உள்ளடக்கச் சோதனைக் கருவி ஆகியவையும் இடையில் நின்று தடுக்கக்கூடும். இதைச் சோதிக்க, கைப்பேசியின் இணையப் பகிர்வு போன்ற வேறொரு இணைப்பில் ஒருமுறை புதுப்பித்துப் பார்ப்பது மிகச் சுருக்கமான வழி. அங்கே வேலை செய்தால் குறை கணினியில் இல்லை.

தீம்பொருளே தடையாக இருக்கும்போது

மேலே சொன்ன காரணங்கள் எதுவும் பொருந்தாமல், மற்ற எல்லாத் தளங்களும் திறந்து, பாதுகாப்பு நிறுவனங்களின் தளங்கள் மட்டும் திறக்க மறுத்தால், அதைச் சாதாரணப் பழுதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2008 நவம்பரில் முதன்முதலில் கண்டறியப்பட்ட கான்ஃபிக்கர் என்ற புழு (கணினிக்குக் கணினி தானாகப் பரவும் தீம்பொருள்) இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. அது விண்டோஸின் புதுப்பிப்புச் சேவையையும், மைக்ரோசாஃப்ட்டின் சொந்தப் பாதுகாப்பு மென்பொருளான டிஃபென்டரையும் நிறுத்தியது. பெயர்த் தீர்வில் குறுக்கிட்டு, ஆன்டிவைரஸ் நிறுவனங்களின் பெயர்கள் இடம்பெறும் முகவரிகளை எட்டவிடாமல் செய்தது. பயனர் கண்டதெல்லாம் "புதுப்பிக்க முடியவில்லை" என்ற ஒரு வரிதான்.

இன்றைய தீம்பொருள்கள் கையாளும் இன்னொரு தந்திரம் விலக்குப் பட்டியல். ஆன்டிவைரஸை அணைத்தால் எச்சரிக்கை எழும் என்பதால், அதை அப்படியே ஓடவிட்டு, தாம் குடியிருக்கும் கோப்புறையை மட்டும் சோதனையிலிருந்து விலக்கப்பட்டவற்றின் பட்டியலில் சேர்த்துவிடுகின்றன. பிழைச்செய்தியே வராது, பச்சைக் குறி எரிந்துகொண்டிருக்கும். ஆகவே எந்தப் பிழையை ஆராயும்போதும் விலக்குப் பட்டியலைத் திறந்து, நாம் சேர்க்காத ஏதாவது அங்கே இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. முழு சி வட்டே அங்கே எழுதப்பட்டிருப்பதைக் கண்டால் மேற்கொண்டு ஐயம் வேண்டாம்.

"சில அமைப்புகளை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது" என்ற வரி, நிறுவனத்தோடு தொடர்பில்லாத சொந்தக் கணினியில் தோன்றினால் அதுவும் விசாரிக்கத் தக்கது. பயனரின் விருப்பத்தை மீறிச் செயல்படும் கொள்கை அமைப்பு எங்கோ எழுதப்பட்டிருக்கிறது என்பதே அதன் பொருள். முன்பு நிறுவி நீக்கிய மென்பொருள் விட்டுச்சென்ற மிச்சமாகவும் இருக்கலாம்.

இந்த ஐயம் எழுந்தபின், ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸுக்குள் இருந்துகொண்டே சோதிப்பதில் நம்பகம் குறைவு. தீம்பொருள் ஏற்கெனவே விழித்திருக்கும் இடத்தில் சோதனை நடத்துகிறோம். மைக்ரோசாஃப்ட் டிஃபென்டரின் ஆஃப்லைன் சோதனை, கணினியை மறுதொடக்கம் செய்து, விண்டோஸ் முழுமையாக எழுவதற்கு முன்பே வட்டை ஆராய்கிறது. வேறு நிறுவனங்களும் பென் டிரைவிலிருந்து தொடங்கக்கூடிய மீட்புத் தொகுப்புகளை வழங்குகின்றன. அவற்றை இன்னொரு நல்ல கணினியில் பதிவிறக்க வேண்டும்.

ஒரு கணினியில் இரண்டு காவலர்கள்

இரண்டு ஆன்டிவைரஸ் இருந்தால் இருமடங்கு பாதுகாப்பு என்ற எண்ணம் இன்னும் மறையவில்லை. இரண்டின் வடிகட்டி டிரைவர்களும் ஒரே கோப்பில் குறுக்கிடும், ஒன்றின் வரையறைகளையும் தனிமைப் பெட்டியையும் மற்றது தீம்பொருள் என்று பிடிக்கலாம், கோப்புகள் பூட்டிக்கொள்ளும், கணினி மந்தமாகும். இதனால்தான் வேறு ஆன்டிவைரஸ் நிறுவப்பட்டு முறையாகப் பதிவு செய்துகொண்டால், சாதாரண விண்டோஸ் கணினியில் டிஃபென்டர் தானே ஒதுங்கிக்கொள்கிறது. "டிஃபென்டர் அணைக்கப்பட்டுள்ளது" என்ற வரியை அத்தகைய கணினியில் பிழையாகக் கருத வேண்டியதில்லை.

சிக்கல் எழுவது நீக்கும்போது. வழக்கமான முறையில் நீக்கிய பின்னும் டிரைவரும், விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் பதிவேட்டில் உள்ள உள்ளீடுகளும் தங்கிவிடுவதுண்டு. அப்போது பழையது இல்லை, ஆனால் விண்டோஸ் அது இருப்பதாக நம்பி டிஃபென்டரை எழுப்பாது. பெரும்பாலான நிறுவனங்கள் தம் மென்பொருளை முழுமையாக அகற்றுவதற்கென்றே தனிக் கருவி வெளியிட்டிருக்கின்றன. அதை அந்த நிறுவனத்தின் தளத்திலிருந்து மட்டுமே பெற வேண்டும்.

மேக் கணினிகளில் இதற்கு இணையான சிக்கல் அனுமதிகளால் வருகிறது. 2018இல் வந்த மொஹாவே பதிப்பிலிருந்து, பயனரின் சில கோப்புறைகளைப் படிக்க மென்பொருளுக்கு "முழு வட்டு அணுகல்" தனியே தரப்பட வேண்டும். 2019இல் வந்த கேட்டலினாவிலிருந்து கெர்னலுக்குள் இயங்கும் கெர்னல் நீட்டிப்புகளின் இடத்தை, அதற்கு வெளியே இயங்கும் கணினி நீட்டிப்புகள் பிடிக்கத் தொடங்கின. இயங்குதளத்தை மேம்படுத்திய மறுநாள் ஆன்டிவைரஸ் செந்நிறம் காட்டினால், முதலில் பார்க்க வேண்டிய இடம் அந்த அனுமதிப் பட்டியல்.

செய்தியே தவறாக இருக்கும்போது

பாதுகாப்பு மென்பொருளும் மனிதர் எழுதிய நிரல்தான். அது சொல்வது தவறாக இருந்த நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன.

2023 மார்ச்சில் விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில், உள்ளகப் பாதுகாப்பு ஆணையத்தின் (உள்நுழைபவரைச் சரிபார்க்கும் விண்டோஸ் உறுப்பு) காப்பு அணைக்கப்பட்டுள்ளது, கணினி ஆபத்துக்கு உள்ளாகலாம் என்ற எச்சரிக்கை தொடர்ந்து தோன்றியது. பயனர்கள் அதை இயக்கி, மறுதொடக்கம் செய்த பின்னும் எச்சரிக்கை போகவில்லை. உண்மையில் காப்பு இயங்கிக்கொண்டுதான் இருந்தது. டிஃபென்டருக்கான ஒரு புதுப்பிப்பின் குறையால் இடைமுகம் தவறாகக் காட்டியது. ஐயமுள்ளவர்கள் விண்டோஸின் நிகழ்வுப் பதிவைத் திறந்து, அந்தச் செயல்முறை பாதுகாக்கப்பட்ட நிலையில் தொடங்கியதாக எழுதப்பட்டிருப்பதைப் பார்த்து உறுதிசெய்துகொள்ள முடிந்தது. இடைமுகம் சொல்வதும் பதிவு சொல்வதும் முரண்பட்டால், பதிவையே நம்ப வேண்டும்.

2024 ஜனவரியில் விண்டோஸ் 10க்கு வந்த கேபி5034441 என்ற பாதுகாப்புத் திருத்தம் பல கணினிகளில் 80070643 என்ற எண்ணோடு தோல்வியடைந்தது. எண் சொன்னது "நிறுவல் தோல்வி". காரணமோ, வட்டில் மீட்புக் கருவிகளுக்கென ஒதுக்கப்பட்ட மீட்புப் பகுதியில் போதிய காலியிடம் இல்லாதது. அந்தத் திருத்தத்துக்கு 250 மெகாபைட் தேவைப்பட்டது. இடப்பற்றாக்குறைக்கு உரிய எண்ணுக்குப் பதிலாகப் பொதுவான தோல்வி எண் காட்டப்படுவதை மைக்ரோசாஃப்ட்டே ஒப்புக்கொண்டது.

நல்ல கோப்பைத் தீம்பொருள் என்று பிடிப்பது மூன்றாவது வகை. 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி வெளியிட்ட 5958 என்ற வரையறைத் தொகுப்பு, விண்டோஸ் எக்ஸ்பியின் மூன்றாம் சேவைத் தொகுப்பில் இருந்த இன்றியமையாத ஒரு கணினிக் கோப்பை வைரஸ் என்று கருதித் தனிமைப்படுத்தியது. கணினிகள் வலையமைப்பை இழந்து மீண்டும் மீண்டும் மறுதொடக்கம் ஆகின. 2022 செப்டம்பரில் டிஃபென்டர், குரோம், எட்ஜ் உள்ளிட்ட அன்றாட நிரல்களைத் திறக்கும்போதெல்லாம் தீம்பொருள் எச்சரிக்கை எழுப்பியது. புதிய வரையறை வந்ததும் அது அடங்கியது.

தவறான கண்டறிதல் என்று ஐயப்படும்போது உடனே விலக்குப் பட்டியலில் சேர்ப்பதைவிட, வரையறைகளைப் புதுப்பித்து மீண்டும் சோதிப்பது முதல் படி. அடுத்து, பல ஆன்டிவைரஸ் பொறிகளால் ஒரே நேரத்தில் சோதிக்கும் வைரஸ்டோட்டல் சேவையில் கோப்பை இடலாம். ஆனால் அங்கே இடப்படும் கோப்புகள் பாதுகாப்பு நிறுவனங்களோடு பகிரப்படுகின்றன. சொந்த ஆவணங்களை ஒருபோதும் அங்கே ஏற்றக் கூடாது.

கெர்னலில் நேரும் பழுது

2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் தன் பாதுகாப்பு மென்பொருளுக்கு அனுப்பிய ஒரு சிறிய உள்ளமைவுக் கோப்பு, மைக்ரோசாஃப்ட்டின் மதிப்பீட்டின்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத்திரையில் (விண்டோஸ் முழுவதுமாக நின்றுபோகும்போது தோன்றும் திரை) நிறுத்தியது. நிரலின் ஒரு பகுதி 20 உள்ளீடுகளை மட்டும் தந்தது. புதிய கோப்போ 21ஆவது உள்ளீட்டையும் எதிர்பார்த்தது. இல்லாத நினைவகத்தைப் படிக்கப் போய் டிரைவர் விழுந்தது. சாதாரண நிரல் இப்படி விழுந்தால் அது மட்டும் மூடிக்கொள்ளும். கெர்னலில் இருப்பது விழுந்தால் முழுக் கணினியும் நின்றுவிடும். கோப்பு ஏறக்குறைய 78 நிமிடங்களில் திரும்பப் பெறப்பட்டும், ஏற்கெனவே விழுந்த பல கணினிகளை ஒவ்வொன்றாக, சேஃப் மோட் எனப்படும் பாதுகாப்பு முறையில் தொடங்கி அந்தக் கோப்பை அழிக்க வேண்டியிருந்தது.

இதில் வீட்டுப் பயனருக்கும் எடுத்துக்கொள்ளத் தக்க செய்தி உண்டு. நீலத்திரை வந்து கணினி எழவே மறுக்கும்போது, வன்பொருள் கெட்டது என்று முடிவுகட்டுவதற்கு முன், பாதுகாப்பு முறையில் தொடங்கிப் பார்க்க வேண்டும். அந்த முறையில் வெளி நிறுவனங்களின் டிரைவர்கள் பெரும்பாலும் ஏற்றப்படுவதில்லை. அங்கே கணினி நன்றாக எழுந்தால் ஐயம் மென்பொருளின் பக்கம் திரும்பும். வட்டு, விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கரால் குறியாக்கம் செய்யப்பட்டிருந்தால் அதற்கு மீட்புத் திறவுகோல் கேட்கப்படலாம். 2024இல் பல அலுவலகங்களில் மீட்பு வேலையைத் தாமதப்படுத்தியதில் அந்தத் திறவுகோலைத் தேடும் வேலைக்கும் பங்குண்டு. அதை வேறிடத்தில் எழுதிவைத்திருப்பது அவசியம்.

எந்த வரிசையில் அணுகுவது?

மேலே சொன்னவற்றிலிருந்து ஒரு வரிசை உருவாகிறது. எளியதும் எதையும் கெடுக்காததும் முதலில் வர வேண்டும். திரும்பப் பெற முடியாதது கடைசியில்.

1. செய்தியைச் சொல் மாறாமல், எண்ணோடும் நேரத்தோடும் குறித்துக்கொள்ள வேண்டும். திரையைப் படமெடுத்து வைப்பது இன்னும் நல்லது. "ஏதோ பிழை வந்தது" என்பதை வைத்து யாராலும் உதவ முடியாது.

2. அதற்கு முன் என்ன மாறியது என்று எண்ணிப் பார்க்க வேண்டும்: விண்டோஸ் புதுப்பிப்பு, புதிய மென்பொருள், புதிய வலையமைப்பு, உரிமத்தின் முடிவு நாள்.

3. கணினியை ஒருமுறை மறுதொடக்கம் செய்ய வேண்டும். "ஷட் டவுன்" செய்து திரும்பத் தொடக்குவது போதாது; விண்டோஸின் விரைவுத் தொடக்க வசதி இயங்கும்போது கெர்னலின் நிலை வட்டில் சேமிக்கப்பட்டு அப்படியே மீள்கிறது. "ரீஸ்டார்ட்" என்ற தேர்வுதான் டிரைவர்களைப் புதிதாக ஏற்றும்.

4. தேதி, நேரம், வட்டின் காலியிடம், இணைய இணைப்பு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

5. பதிவைப் படிக்க வேண்டும். நிகழ்வுப் பதிவைக் காட்டும் விண்டோஸின் ஈவன்ட் வியூவரில் டிஃபென்டருக்கென்று தனிப் பதிவு உண்டு. அங்கே 1116 என்பது தீம்பொருள் கண்டறியப்பட்டதையும், 1117 அதன்மேல் நடவடிக்கை எடுக்கப்பட்டதையும், 2001 புதுப்பிப்புத் தோல்வியையும், 5001 நிகழ்நேரப் பாதுகாப்பு அணைக்கப்பட்டதையும், 5007 அமைப்பு மாற்றப்பட்டதையும் குறிக்கும். 5007இல் பழைய மதிப்பும் புதிய மதிப்பும் இருப்பதால், அறியாமல் சேர்ந்த விலக்குகளைக் கண்டுபிடிக்க அது பெரிதும் உதவும்.

6. மென்பொருளின் "பழுதுபார்" தேர்வு இருந்தால் அதைப் பயன்படுத்திப் பார்த்து, பயனில்லாதபோது மட்டுமே முழுமையாக நீக்கி மீண்டும் நிறுவ வேண்டும். நீக்குவதற்கு முன் நிறுவியும் உரிம விவரமும் கையில் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்வது நலம்.

இந்த வரிசையில் எங்கும் "ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு முயலவும்" என்ற படி இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஏதேனும் ஒரு மென்பொருளை நிறுவுவதற்கு அப்படிச் செய்யச் சொல்லும் அறிவுரை இணையத்தில் மலிந்திருக்கிறது. திருட்டு மென்பொருளோடு வரும் குறிப்புகளில் அது முதல் வரியாகவே இருக்கும். பிழைக்குக் காரணம் இரு மென்பொருள்களின் மோதல்தானா என்று அறிய அணைத்துப் பார்ப்பது மிக அரிதாகத் தேவைப்படலாம். அப்போதும் இணைய இணைப்பைத் துண்டித்து, சில நிமிடங்களுக்கு மட்டும், நம்பத்தக்க கோப்பை வைத்தே செய்ய வேண்டும்.

"சில கோப்புகளைச் சோதிக்க முடியவில்லை" என்ற வரியைக் கண்டு பதற வேண்டியதில்லை. கடவுச்சொல் இட்ட சுருக்கக் கோப்புகளையும் இயங்குதளம் பூட்டி வைத்திருக்கும் கோப்புகளையும் எந்த ஆன்டிவைரஸாலும் திறந்து பார்க்க இயலாது.

சரியாகிவிட்டதா என்று சோதித்தல்

செய்தி மறைந்துவிட்டது என்பதால் பாதுகாப்பு திரும்பிவிட்டது என்று ஆகாது. அறிவிப்பை மூடினாலும் செய்தி மறையும். இதைத் தீங்கின்றிச் சோதிக்கவே ஐகார் சோதனைக் கோப்பு என்ற ஏற்பாடு இருக்கிறது. ஐரோப்பியக் கணினி ஆன்டிவைரஸ் ஆய்வு நிறுவனத்தின் பெயரால் அழைக்கப்படும் இது, 68 எழுத்துகள் கொண்ட வெறும் உரைத்தொடர். அதில் வைரஸ் எதுவும் இல்லை. ஆனால் அதைக் கண்டவுடன் தீம்பொருளைப் பிடித்ததுபோல் நடந்துகொள்ள வேண்டும் என்று ஆன்டிவைரஸ் தயாரிப்பாளர்கள் உடன்பட்டிருக்கிறார்கள். அந்த நிறுவனத்தின் தளத்திலிருந்து கோப்பை இறக்க முயன்றால், இயங்கும் பாதுகாப்பு உடனே தடுத்து, தன் வரலாற்றுப் பட்டியலிலும் பதிவு செய்யும்.

கோப்பு எந்தத் தடையுமின்றி வட்டில் வந்து அமர்ந்து, திறந்து பார்க்கும்போதும் எச்சரிக்கை எழவில்லை என்றால், இடைமுகம் பச்சைக் குறி காட்டினாலும் வடிகட்டி டிரைவரோ சேவையோ இன்னும் வேலை செய்யவில்லை. அப்போது நிகழ்வுப் பதிவையும் விலக்குப் பட்டியலையும் திரும்பப் பார்க்க வேண்டும். அதுவரை அந்தக் கணினியில் வங்கிக் கணக்கையோ மின்னஞ்சலையோ திறக்காமல் இருக்க வேண்டும்.